அத்தானுக்குப் பிடித்த எண்

உங்களுக்கு நல்ல நரம்பு, ஐயா. பேனா பிடித்த கையை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள், இங்கே உட்கார்ந்தபடியே தெரிகிறது. ஒரே குத்தில் வேலை முடிந்துவிடும். தப்பாக நினைக்காதீர்கள். தையற்காரர் எதிரே வருகிறவரின் தோளை அளப்பதுபோல, நான் யாரைப் பார்த்தாலும் முதலில் முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலம் தள்ளியவனின் கெட்ட பழக்கம்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. உங்களுக்கும் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறது. ஒரே வேண்டுகோள், நான் சொல்கிற வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் எழுதினால் என்னைப் பற்றித் தவறான அபிப்பிராயம் வந்துவிடும்.

இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்று கூப்பிடுவேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை வங்கி ஒத்துக்கொண்டது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மின்விசிறி போடுவதென்றாலும் அவர் தலையசைக்க வேண்டும். காய் நறுக்கும் அக்காவின் பின்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ம், ப்ரொசீட்” என்பார். அக்கா அதுவரை கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில் அவர் ரத்தத்தில் ஒரு கிருமி இருப்பது தெரிந்தது. ஈரலைப் பிடிக்கிற மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை. எப்போது ஒட்டியதோ, பல வருஷமாக உள்ளே சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. அதை முழுதாகக் காலி செய்ய வைப்பது கஷ்டம். ஆனால் தினமும் ஒரு மாத்திரை போட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். மனிதர் பாட்டுக்குத் தொண்ணூறு வயது வரை ஊர் வம்பு பேசிக்கொண்டு இருக்கலாம்.

அந்த மாத்திரை அத்தானுக்கு அவமானமாக இருந்தது. தன்னைவிட வயதில் சின்னவளான ஒரு டாக்டரம்மா சீட்டில் கிறுக்கிக் கொடுத்ததைத் தான் மறுபேச்சில்லாமல் விழுங்குவதா? அவருடைய சர்வீஸிலேயே நடக்காத காரியம். அந்த நேரத்தில்தான் அவர் கீழாநெல்லியைக் கண்டுபிடித்தார். உலகம் அதை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

கீழாநெல்லியின் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. சின்னச் செடி. இலைக்கு அடியில் கடுகு கடுகாகக் காய். ஈரம் இருக்கும் இடத்தில் தானாக முளைத்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்துவிட்டுப் போகும். ஆயுர்வேதத்தில் ஈரலுக்கென்று காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற வைத்தியர் ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பார். அத்தானும் ஒரு வைத்தியரிடம் போனார். அந்தப் பெரியவர், “இது துணைக்குத்தான் சார், ஆஸ்பத்திரி மாத்திரைய விட்றாதீங்க” என்றார். வெளியே வந்ததும் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “இந்த ஆளுக்கு ஆழம் பத்தாது.”

அதன் பிறகு தானே வைத்தியரானார். பால்கனி முழுக்கத் தொட்டிகள். காலையில் பூதக்கண்ணாடியோடு இறங்கி ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்ப்பார், லோன் கேட்டு வந்தவரின் கையெழுத்தைச் சரிபார்ப்பதுபோல. அரைத்துக் கரைத்துக் குடிப்பார். மீதியைக் காயவைத்துப் பொடியாக்குவார். பொடி சேர்ந்ததும் அதற்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையைப் பிடித்து ‘பச்சை ஈரல் மன்றம்’ ஆரம்பித்தார். தலைவர் அவர். செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குத் தகுதியானவர்கள் கிடைக்காததால் அவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார்.

பேச்சு எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும். “ஈரல்ங்கிறது நம்ம உடம்போட ஹெட் ஆபீஸ். வயிறு வெறும் கவுன்ட்டர். கவுன்ட்டர்ல எது வந்தாலும் ஹெட் ஆபீஸ் கையெழுத்துப் போட்டாத்தான் பாஸாகும். அப்ப கீழாநெல்லி யாரு? சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற நேர்மையான ஆடிட்டர்.” பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆடிட்டர் வந்தால் தங்கள் ஹெட் ஆபீஸில் என்னென்ன அகப்படும் என்று அவரவருக்குக் கவலை.

என்னைக் கொசு என்று கூப்பிடுவார். ரத்தம் எடுக்கிறவன், ஆளும் ஒல்லி, குரலும் மெல்லிசு. அக்கா கல்யாணத்தன்றைக்கே வைத்த பெயர். நல்ல பெயர் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் இல்லையா, சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. ஒருமுறை அக்காவே வாய் தவறி, “கொசுவுக்குத் தட்டு வை” என்றாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கொசு சுறுசுறுப்பான பிராணி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழிவாங்கினான் என்று நீங்கள் ஓரத்தில் எழுதுவதை இப்போதுதான் பார்த்தேன். அதை அடித்துவிடலாம்.

டாக்டரம்மாவிடம் அவரோடு நானும் போயிருந்தேன். நல்ல மனுஷி. கீழாநெல்லி என்றதும் முகம் சுளிக்கவில்லை.

“குடிங்க சார், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கிருமி எகிறிடும், ஈரல் ஒரேயடியாப் போயிடும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் பாருங்க. நம்பர் ஏறினா அன்னைக்கே என்கிட்ட வந்து நிக்கணும்.” என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் லேப்ல இருக்கீங்களே. இது உங்க பொறுப்பு.”

“சரிங்க டாக்டர்” என்றேன்.

அந்த நம்பர் என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஈரல் புண்ணானால் அதிலிருந்து ஒரு பொருள் ரத்தத்துக்குள் கசியும். அதை அளந்து ஓர் எண் சொல்வோம். எண் ஏறினால் உள்ளே தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் நன்றாகத்தான் இருப்பார், சாப்பிடுவார், மைக் பிடிப்பார். எண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஆக, அத்தானின் உயிருக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே காவல் நான்தான்.

கொஞ்ச நாளில் அத்தான் மாத்திரையை நிறுத்திவிட்டார். பால்கனியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். “மேடையில கீழாநெல்லி பேசிட்டு வீட்டுல மாத்திரை முழுங்குறது ரெட்டை வேஷம்டா. எனக்கு அது ஒத்து வராது. உங்கக்காகிட்ட மூச்சு விடாத.”

“டாக்டர்கிட்ட சொல்லிரலாம் அத்தான். ஈரல் போயிடும்னு…”

“கொசு.” பூதக்கண்ணாடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ரத்தம் எடுக்கிறது உன் வேலை. கருத்துச் சொல்றது உன் வேலை இல்ல. புரியுதா?”

புரிந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தி எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் கருத்துச் சொல்லவே இல்லை.

அக்கா தினமும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை அவர் வாயில் ஒதுக்கிக்கொண்டு போய்த் தொட்டி மண்ணில் புதைத்தார். அந்தச் செடிகளுக்கு ஈரல் இருந்திருந்தால் இன்றைக்கும் நல்ல ஆரோக்கியமாக இருக்கும்.

நிறுத்திய பிறகு நான் எடுத்த முதல் ரத்தத்தில் எண் நன்றாகவே இருந்தது. பழைய மாத்திரையின் தயவு. அத்தான் அதைக் கீழாநெல்லியின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். அந்த வார மன்றக் கூட்டத்துக்கு நான் நாற்காலி எடுத்துப் போடப் போயிருந்தேன். மேடைக்குக் கூப்பிட்டார்.

“இவன் யாரு தெரியுமா? என் வீட்டுக்காரியோட தம்பி. கொசுன்னு கூப்பிடுவோம். நம்ம ரத்தத்தை உறிஞ்சிட்டு, நமக்கே சீக்குன்னு சீட்டுக் குடுக்கிற கூட்டம் இருக்கு பாருங்க, அதுல ஒரு பொடிப்பய. டேய், சொல்லு, என் நம்பர் எப்படி?”

“நல்லா இருக்கு அத்தான்.”

“கடைசி வரிசைக்குக் கேக்கல.”

“நல்லா இருக்கு அத்தான்.”

“பாத்தீங்களா. கொசுவே ஒத்துக்கிச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எடுத்த புகைப்படம் மன்றச் சுவரில் மாட்டியிருக்கிறது, போனால் பாருங்கள். எல்லோரையும்விட நான்தான் நன்றாகச் சிரித்திருப்பேன்.

அடுத்த முறை எண் ஏறியிருந்தது. பயப்படும்படி இல்லை, டாக்டரிடம் ஓடும்படி இருந்தது. அன்றைக்கு ஓடியிருந்தால் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துத் தீயை அணைத்திருக்கலாம். எங்கள் கூடத்தில் இயந்திரம் இருக்கும் அறை சின்னது, ஸ்பிரிட் வாசனை, ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கும். அங்கே நின்றுகொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் அத்தானே கூப்பிட்டுவிட்டார்.

“என்னடா கொசு, எனக்குப் பிடிச்ச நம்பர் வந்துச்சா, இல்ல உங்க டாக்டரம்மாவுக்குப் பிடிச்ச நம்பரா?”

ஏறியிருக்கிறது என்று சொல்வது கருத்துச் சொல்வதில் சேருமா என்று யோசித்தேன். சேரும் என்று பட்டது.

“உங்களுக்குப் பிடிச்சதுதான் அத்தான்” என்றேன்.

வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா, அச்சடித்த தாள் வேண்டுமே. அந்தத் தாளில் நாம் நினைத்ததை அடிக்க முடியாது, இயந்திரம் அளந்ததுதான் வரும். இயந்திரம் பொய் சொல்லாது. ஆனால் தன் வாயில் ஊற்றியது யாருடைய ரத்தம் என்று அதற்குத் தெரியாது. குழாயைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சளாக நீர் தெளியும். அளப்பது அந்த நீரைத்தான். நான் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, என் ஈரலைப்போல் ஓர் ஈரல் எங்கள் கூடத்துக்குள் வந்ததே இல்லை. இடது கையில் நானே குத்தி எடுத்து, என் நீரில் பாதியும் அவர் நீரில் பாதியும் சேர்த்து ஓட்டினேன். அழகாக இறங்கி வந்தது.

பிறகு ஒவ்வொரு தடவையும் என் பங்கைக் கூட்டிக்கொண்டே போனேன். அவருடைய எண் உள்ளே ஏற ஏற, என்னுடையதை அதிகம் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரேயடியாக இறக்கினால் சந்தேகம் வரும். அத்தான் முட்டாள் இல்லை, முட்டாள்தனமான விஷயத்தைப் பிடித்துக்கொண்ட புத்திசாலி. கைப்பிடி பிடித்து மாடிப்படி இறங்குவதுபோல அந்த எண்ணை இறக்கினேன். இந்தத் தொழிலில் நான் செய்த ஆக நேர்த்தியான வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஓர் எண்ணிலும் பிசிறு இருக்காது. கடைசியில் அவர் ரத்தத்தை அப்படியே கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, அவர் பெயர் ஒட்டிய குழாயில் முழுக்க முழுக்க என்னுடையதையே வைத்தேன். குளிர்பெட்டியில் நீங்கள் எடுத்த குழாய் அதுதான். அத்தானுக்காக நான் சொட்டு ரத்தம் சிந்தவில்லை என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்ல முடியாது.

அத்தானுக்கு ஆசை அதிகமாகிவிட்டது. “கிருமி இருக்கா இல்லையான்னே பாத்துருடா” என்றார். பார்த்தேன். இல்லை. எனக்கு எப்படி இருக்கும்?

அந்தத் தாளை டாக்டரம்மாவுக்கு அனுப்பாமல் இருக்க முடியவில்லை. உடனே கூப்பிட்டார். “கிருமியே இல்லையா? அது அவ்வளவு லேசுல நடக்காதே. நாளைக்கே வரச் சொல்லுங்க, நான் ஒரு தடவை பாக்கணும்.” அத்தானிடம் சொன்னேன். “வயித்தெரிச்சல்டா அவளுக்கு” என்றார். ஆகவே டாக்டரம்மாவிடம், “அத்தான் வெளியூர் போயிருக்கார் டாக்டர்” என்றேன். அத்தானின் வார்த்தைகளை அப்படியே சொன்னால் மரியாதையாக இருக்காது.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அறை கொள்ளவில்லை, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். அத்தான் தாளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஹெட் ஆபீஸ் திரும்ப லாபத்துக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்து பொடிக்கு வரிசை நின்றபோது, ஒரு பஸ் டிரைவர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். சீருடையிலேயே வந்திருந்தார்.

“சார், நீங்கதானே டெஸ்ட் பண்ணுனது? எனக்கும் இதே கிருமிதான் சார். மாத்திரை போட்டுட்டு இருக்கேன். உங்க அத்தானுக்கு நெசமாவே போயிடுச்சா? ரெண்டும் பொம்பளைப் புள்ளைங்க சார் எனக்கு, அதான் கேக்குறேன்.”

“நான் பாத்த ரத்தத்துல கிருமி இல்லண்ணே” என்றேன்.

அது உண்மை. மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கருத்துச் சொல்வதில்லை என்றுதான் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தேனே. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றார். அவர் இப்போது எந்த வார்டில், எப்படிக் கிடக்கிறார் என்று காலையில் நீங்கள் சொன்னபோது மனதுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, அவர் ரத்தத்தை நான் தொட்டதுகூடக் கிடையாது.

அத்தானின் கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும், உள்ளே இருக்கும் அழுக்கையெல்லாம் மூலிகை வெளியே தள்ளுகிறது என்றார். சாப்பாடு பிடிக்கவில்லை, அதுவும் மூலிகையின் கெட்டிக்காரத்தனம். நின்ற இடத்தில் தூங்கினார், ஈரல் ஓய்வெடுக்கிறதாம். அக்கா மட்டும் நம்பவில்லை. நான் ரத்தம் எடுக்கப் போனபோது சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“தம்பி, அவரு கண்ணப் பாத்தியா? மூத்திரம் காப்பித்தண்ணி மாதிரி போகுதுடா. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருவோமா?”

“நம்பர் நல்லா இருக்குக்கா.”

“நெசமாவா?”

“நான் பொய் சொல்வேனாக்கா உன்கிட்ட?”

அவள் என்னை நம்பினாள். சின்ன வயதில் கணக்குப் பாடத்தில்கூட அவள் என்னிடம்தான் சரிபார்ப்பாள்.

அத்தான் மன்ற மேடையிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்த நம்பர் இருக்கிற ஈரல் இப்படிப் போகாதே” என்றார். எங்கள் கூடத்துக்கு அவர் ஆள் அனுப்பியது அதற்குப் பிறகுதான். அப்போதைக்கு அவருக்கு அவசர வேலை இருந்தது. அக்காவையும் என்னையும் வெளியே கூப்பிட்டார்.

“ஈரல் மொத்தமாப் போயிடுச்சும்மா. மாத்துறது ஒண்ணுதான் வழி. கூடப் பொறந்தவங்க, சொந்தக்காரங்க யாராவது ஒரு துண்டு கொடுத்தாப் போதும். கொடுத்தவங்களுக்குத் திரும்ப வளர்ந்துடும். ஆனா இன்னைக்கே முடிவு பண்ணணும்.”

அக்காவுக்குச் சர்க்கரை, ரத்த வகையும் வேறு. பிள்ளைகள் கிடையாது. அத்தானின் ரத்த வகை என்னுடையதுதான். அவருடைய ஈரலுக்குப் பொருத்தமான ஈரல் அந்தத் தாழ்வாரத்தில் சட்டையின் கீழ்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் தரத்துக்கு நானே அத்தாட்சி.

உள்ளே போனோம். அத்தான் பாதி நினைவில் கிடந்தார். நர்ஸைக் கேஷியர் என்று நினைத்துச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் காதருகே குனிந்து, தம்பி கொடுத்தால் பிழைக்கலாம் என்றாள். அவர் கண் திறந்தது. மஞ்சளுக்கு நடுவே கண்மணி என்னைத் தேடிப் பிடித்தது. என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“மச்சான்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. “மாத்திரைய நிறுத்தினது தப்புடா. நீ அப்பவே சொன்ன. நான்தான் கேக்கல. குடுடா மச்சான். சாக பயமா இருக்குடா.”

இந்த ஒன்றைக் கேட்பதற்காகத்தான் நான் இத்தனையும் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேட்டபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் சொன்னேன்: “அவரு தெளிவா இல்ல டாக்டர். நர்ஸைக் கேஷியர்ங்கறாரு. தெளிவா இருந்தப்ப, செத்தாலும் என் உடம்புல கத்தி படக் கூடாதுன்னு மைக்ல சொல்லியிருக்காரு, நூறு பேர் கேட்டிருக்காங்க. அதை மீறி நான் எப்படிக் குடுப்பேன்?”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலைப் பிடிக்க வந்தாள், நான் விலகிக்கொண்டேன். அக்கா காலில் விழுவது முறையில்லை. அடுத்த நாள் அத்தான் போய்விட்டார்.

ஆகவே கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். அக்காவை மட்டும் ஒருமுறை இங்கே கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லுங்கள். பெற்றவர்கள் பேச்சையே கேட்காத மனுஷன் அத்தான், ஆனால் அவர் பேச்சுக்குக் கடைசிவரை கட்டுப்பட்டு நடந்தவன் அந்தக் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.